மூன்று பழைய வார்ப்பச்சுகள்: .38 இலக்கு ரிவால்வருக்கான ஒரு மதிப்புரை

இந்த மதிப்புரைக்கு உரியவை, துப்பாக்கிக்கான ஈயக் குண்டுகளை வார்க்கும் மூன்று இரும்பு வார்ப்பச்சுகள். முதலாவது ஹென்ஸ்லி அண்ட் கிப்ஸ் நிறுவனத்தின் 50ஆம் எண் கொண்ட நான்கு குழி அச்சு. இரண்டாவது லைமன் நிறுவனத்தின் 358395 என்ற ஒற்றைக் குழி அச்சு. அடியில் குழிவுள்ள குண்டை வார்ப்பது இது. மூன்றாவது 'ஐடியல்' என்ற பெயர் பொறித்த 358311, உருண்டை முனைக் குண்டுக்கான இரட்டைக் குழி அச்சு. மூன்றையும் பிறர் பயன்படுத்திக் கழித்த நிலையில்தான் வாங்கினேன். மூன்றும் என்னைவிட வயதில் மூத்தவை. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், என் வீட்டுக் கார் கொட்டகையில் மூன்று குளிர்காலங்களாக இவற்றில் வார்த்த குண்டுகளை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கே-38 ரிவால்வரிலும் கோல்ட் ஆஃபீசர்ஸ் மாடல் மேட்ச் ரிவால்வரிலும் சுட்டுப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வது நல்லது. பித்தளைக் கூடு, தீமூட்டி, வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப் பொருளைத் தோட்டா என்றும், அதன் முனையில் அமர்ந்திருந்து குழல் வழியே பறந்து செல்லும் உலோகத் துண்டை மட்டும் குண்டு என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். அச்சு வார்ப்பது குண்டை மட்டுமே. .38 என்பது தோட்டா வகையின் பெயர்தான், குண்டின் சரியான அளவன்று; குண்டின் விட்டம் .358 அங்குலத்தை ஒட்டியது. அதன் எடையைக் கிராமில் சொல்வாரில்லை; கிரெயின் என்ற பழைய அளவே இன்றும் வழக்கில் உள்ளது. 7000 கிரெயின் ஒரு பவுண்டு. 148 கிரெயின் எடையுள்ள குண்டு ஏறத்தாழ 9.6 கிராம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வரி. அமெரிக்காவில் ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்குக் குண்டு வார்ப்பதற்குக் கூட்டரசின் உரிமம் தேவையில்லை; தோட்டா தயாரித்து விற்கத் தொடங்கினால்தான் உரிமம் வேண்டும். இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் ஓர் உலோகக் கைத்தொழிலைப் பற்றிய செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இலக்குப் போட்டியில் வாட்கட்டர் என்னும் தட்டை முனைக் குண்டுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதை ஒருமுறை தாளைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். உருண்டை முனைக் குண்டு தாளைக் கிழித்துக்கொண்டு போகும். கிழிசலின் ஓரம் பிசிறாக இருப்பதால் அது வளையக் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று கண்ணாடி வைத்துப் பார்த்து வாதாட வேண்டியிருக்கும். உருளை வடிவ வாட்கட்டரோ காகிதத்தில் துளையிடும் கருவியைப்போல் சுத்தமான வட்டத்தை வெட்டி எடுத்துவிடும். கோட்டைத் தொட்டால் உயர்ந்த மதிப்பெண் என்ற விதி இருக்கும் இடத்தில் இது சிறிய ஆதாயமன்று. 25 கஜத் தொலைவில் வைக்கப்படும் அமெரிக்கத் தாளில் பத்தாம் வளையத்தின் விட்டம் 3.36 அங்குலம், அதனுள் இருக்கும் எக்ஸ் வளையம் 1.695 அங்குலம். மேஜையில் மணல்மூட்டை மீது வைத்துச் சுடும்போது ஆறு குண்டுகளும் அந்த எக்ஸ் வளையத்துக்குள் அடங்குகின்றனவா என்பதே நான் அச்சுகளுக்கு வைத்த தேர்வு.

ஹென்ஸ்லி அண்ட் கிப்ஸ் அச்சிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மூன்றில் என்னை மிகவும் வேலை வாங்கியதும் மிகவும் மகிழ வைத்ததும் அதுதான். கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் தொடங்கிப் பின்னர் ஓரிகான் மாநிலத்து மர்ஃபிக்கு இடம்பெயர்ந்த சிறிய பட்டறை அந்நிறுவனம். இன்று அது இயங்கவில்லை. .45 கைத்துப்பாக்கிக்காரர்களிடம் அதன் 68ஆம் எண் அச்சுக்கு எவ்வளவு பேரோ, .38 வாட்கட்டர் சுடுபவர்களிடம் 50ஆம் எண்ணுக்கு அவ்வளவு பேர். இவற்றில் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் தெரிவது கனம். இரும்புப் பாளங்கள் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும் விதம் பழைய பூட்டுக் கொல்லர் வேலையை நினைவூட்டும்: மூடிப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கினால் நடுவில் முடியளவு ஒளிகூடத் தெரியாது. மேலே உள்ள வெட்டுத் தகடு, அதாவது உருகிய ஈயம் ஊற்றப்படும் துளைகளைத் தாங்கி, ஈயம் இறுகியபின் மிச்சத்தைத் துண்டிக்கும் தகடு, தடித்ததாகவும் வளையாததாகவும் இருக்கிறது. என்னிடம் உள்ளது தட்டை அடி வார்க்கும் வகை.

அந்தக் கனமே அதன் குணமும் குறையும். நான்கு குழிகளைத் தாங்கும் இரும்புப் பாளம் சூடேறுவதற்கு நேரம் எடுக்கும். உருக்கும் பானையின் விளிம்பில் இருபது நிமிடம் வைத்திருந்த பிறகும் முதல் ஐந்தாறு முறை ஊற்றியவை சுருக்கம் விழுந்துதான் வெளிவரும். அவற்றை அப்படியே பானைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால் ஒருமுறை சூடு நிலைபெற்றுவிட்டால், சின்ன அலுமினிய அச்சைப்போல் நான்கு முறை ஊற்றியதும் அதிகமாகக் கொதித்துப்போவதும், ஒரு வாய் காபி குடித்துவிட்டு வருவதற்குள் குளிர்ந்துபோவதும் இதனிடம் இல்லை. (காபியைப் பற்றிப் பின்னால் எச்சரிக்க வேண்டியிருக்கிறது; அதை வேலை நடக்கும் இடத்தில் குடிக்கக் கூடாது.) என் நிதானமான வேகத்திலேயே ஒரு மணி நேரத்தில் முந்நூறு குண்டுகளுக்குக் குறையாமல் கிடைக்கின்றன. இரண்டு மணி நேரம் கழிந்தால் மணிக்கட்டு வலிக்கும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இந்த அச்சில் விழும் குண்டின் விட்டம் நான் பயன்படுத்தும் கலவையில் .3595 அங்குலம். இதுவே நான் அதை வைத்துக்கொண்டதற்குக் காரணம், பெயரன்று. ரிவால்வரில் குண்டு முதலில் கடப்பது குழலையல்ல. சுழலும் உருளையில் உள்ள ஆறு அறைகளின் வாய்ப்பகுதியை. அந்த வாயைவிடக் குண்டு சிறியதாக இருந்தால் சூடான வாயு பக்கவாட்டில் புகுந்து ஈயத்தை அரித்து, குழலின் தொடக்கத்தில் ஈயப் பற்றாகப் படிய வைக்கும். ஐம்பது தோட்டா சுடுவதற்குள் குறி சிதறத் தொடங்கும். என் கே-38இன் ஆறு வாய்களையும் அளந்தபோது எல்லாமே .358 அங்குலத்துக்கு மயிரிழை கூடவோ குறையவோ இருந்தன. ஆகவே .3595இல் விழும் குண்டை .358க்கு அளவுப்படுத்தும் வளையத்தில் தள்ளி எடுத்தால் கைக்கு அளவெடுத்த வளையல்போல் பொருந்துகிறது. கோல்ட்டின் குழல் கொஞ்சம் இறுக்கமானது, பழைய கோல்ட் .38 குழல்களில், குண்டைச் சுழல வைக்க உட்புறம் சுருளாக வெட்டிய காடிகளுக்கிடையிலான விட்டம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் .357ஐவிட ஓரிரு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் குறைவாகவே இருப்பது வழக்கம். அந்தக் காடிகளின் முறுக்கும் இடப்பக்கமாக, 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் அது வலப்பக்கமாக 18.75 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கோல்ட்டுக்கு .357க்கு அளவுப்படுத்திய குண்டுகளே நன்றாகச் சென்றன.

பழைய அச்சு வாங்குபவர்களில் பெரும்பாலோர் எண்ணைக் கேட்டு வாங்குகிறார்கள்; அளவைக் கேட்பதில்லை. இந்தப் பழக்கத்தைத்தான் நான் குறை சொல்வேன். காரணத்தை ஐடியல் அச்சின் வழியாக விளக்குவது எளிது. ஜான் பார்லோ என்பவர் 1884இல் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் தொடங்கிய ஐடியல் நிறுவனம், இடையில் கைமாறி, 1925இல் லைமன் நிறுவனத்தின் வசம் வந்தது. அதன்பின்னும் பல்லாண்டுகள் அச்சுகளில் ஐடியல் என்ற பெயரே பொறிக்கப்பட்டது. அவர்களுடைய ஆறிலக்க எண்ணில் முதல் மூன்று இலக்கங்கள் குண்டின் விட்டத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில் சொல்கின்றன. கடைசி மூன்று, குழியைக் குடைந்தெடுக்கும் வெட்டுக்கருவியின் வரிசை எண். அந்தக் கருவிக்குத் தொழிலில் செர்ரி என்று பெயர். எஃகினால் ஆன செர்ரி அச்சுக்கு அச்சு தேயும், தேய்ந்ததைத் தீட்டுவார்கள், தீட்டத் தீட்டச் சிறுக்கும். ஆகவே புதிய செர்ரியில் குடைந்த அச்சும் ஆயுள் முடியப்போகும் செர்ரியில் குடைந்த அச்சும் ஒரே எண்ணைத் தாங்கியிருந்தாலும் ஒரே குண்டை வார்ப்பதில்லை. 358 என்று பொறித்த அச்சு .356இலும் வார்க்கலாம், .360இலும் வார்க்கலாம்.

அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் வடிவமைத்த புகழ்பெற்ற 358429, 429421 ஆகிய அச்சுகளிலும் வேறொரு வகையில் இதே கதைதான். குழலில் ஈயம் ஒட்டாமலிருக்கக் குண்டில் பூசும் மெழுகு நிற்பதற்கான காடி சதுர வெட்டாக இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்தது. பிற்காலத்து அச்சுகளில் அது வளைந்த காடியாக மாறியதை அவரே எழுத்தில் குறைபட்டுக்கொண்டார். எண் மாறவில்லை, குண்டு மாறிவிட்டது. அந்த எண்களைத் தேடி அலைபவர்கள் எந்தக் காலத்து அச்சு என்பதைக் காடியைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

என்னிடம் உள்ள 358311 இரட்டைக் குழி அச்சு இந்த வகையில் அதிர்ஷ்டமானது. இரண்டு குழிகளும் .359இல் வார்க்கின்றன, குழிக்குக் குழி எடை வேறுபாடு ஒரு கிரெயினுக்குள் அடங்குகிறது. உருண்டை முனையில் வாட்கட்டரின் சுத்தமான துளை கிடையாது என்றாலும், இதற்கு என்னிடம் குறிப்பான ஒரு வேலை இருக்கிறது. இங்கே 'டிஸ்டிங்விஷ்டு ரிவால்வர்' என்று ஒரு போட்டிப் பிரிவு உண்டு. 158 கிரெயின் ஈயக்குண்டு கொண்ட .38 ஸ்பெஷல் தோட்டாவே அதன் அடையாளம், வாட்கட்டருக்கு அதில் இடமில்லை. 1907 முதல் தேசியப் போட்டிகள் நடைபெற்றுவரும், ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரி என் வீட்டிலிருந்து காரில் போய்வரக்கூடிய தூரத்தில் இருப்பதால், அந்தப் பிரிவுக்குப் பயிற்சி செய்ய 158 கிரெயின் குண்டு எனக்குத் தேவைப்பட்டது. அதற்கு இது போதும். அச்சைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்பதே அதற்கு நான் தரும் பாராட்டு: ஊற்றினால் நிரம்புகிறது, திறந்தால் விழுகிறது.

இனி 358395. அடியில் கிண்ணம்போல் குழிந்த வாட்கட்டருக்கு ஒரு தனி நியாயம் உண்டு. குழிவைச் சுற்றியுள்ள மெல்லிய ஈயச் சுவர், வெடிமருந்தின் வாயு உள்ளிருந்து அழுத்தும்போது விரிந்து அறையின் வாயையும் குழலின் காடிகளையும் நிறைத்துக்கொள்கிறது; ஆகவே அளவில் சிறு குறை இருந்தாலும் அதுவே ஈடுசெய்துகொள்ளும். எடையும் முன்பக்கம் நகர்ந்திருப்பதால் 50 கஜத்தில் நிலையாகப் பறக்கிறது. கடைகளில் விற்கும் போட்டித் தோட்டாக்களில் பெரும்பாலும் இந்த வகையே இருப்பது அதனால்தான். ஆனால் அவை குளிர்ந்த ஈயத்தை எந்திரத்தில் அழுத்திச் செய்யப்படுபவை. அதையே கையால் வார்ப்பது வேறு வேலை.

இந்த அச்சில் குண்டு தலைகீழாகப் பிறக்கிறது. கீழிருந்து ஒரு ஊசி குழிக்குள் நுழைந்து அடியின் குழிவை உருவாக்க, ஈயம் குண்டின் முனைப்பக்கத்திலிருந்து ஊற்றப்படுகிறது. ஒவ்வொரு குண்டுக்கும் ஊற்றுவது, மிச்சத்தை வெட்டுவது, ஊசியைத் திருகி வெளியே இழுப்பது, அச்சைத் திறப்பது, மறுபடி மூடி ஊசியைச் செருகுவது என்று ஐந்து வேலைகள். ஊசி சூடாக இல்லையென்றால் மெல்லிய சுவரில் ஈயம் நிரம்புவதற்குள் இறுகிச் சுருக்கம் விழும். அளவுக்கு மீறிச் சூடானால் ஊசி குண்டைக் கவ்விக்கொண்டு விடாது. மணிக்கு எண்பது நல்ல குண்டுகள் கிடைத்த நாளை நான் நல்ல நாளாகவே குறித்துவைத்திருக்கிறேன்.

எனக்கு இன்னொரு தொல்லையும் கூடவே வந்தது. அச்சை ஒரு துப்பாக்கிச் சந்தையில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். "எல்லாம் அசல், அப்படியே வார்க்கலாம்" என்றார். வீட்டுக்கு வந்து வார்த்துப் பார்த்தால் குண்டின் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் தாள்போல் மெலிந்தும் இருந்தது. பாளங்களில் குறையில்லை, ஊசிதான் அந்த அச்சுக்கு உரியதன்று. எங்கேயோ தொலைந்துபோன ஊசிக்குப் பதிலாக வேறெதிலிருந்தோ ஒன்றைக் கொஞ்சம் அராவிச் செருகிவைத்திருந்தார்கள். கையால் ஆட்டினால் ஆடியது. தளர்வை மறைக்கும் அளவுக்குக் கெட்டியான எண்ணெய் பூசியிருந்ததைச் சந்தையில் நான் பராமரிப்பின் அடையாளம் என்று நினைத்தேன். கடைசல் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அளவெடுத்துப் புதிய ஊசி கடைந்து தந்த பிறகே அச்சு தன் வேலையைச் செய்யத் தொடங்கியது. குழிவுள்ள குண்டுக்கான பழைய அச்சை வாங்குபவர்கள் பாளத்தைவிட ஊசியை முதலில் பார்க்க வேண்டும் என்பதை நூற்றுப்பத்து டாலர் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

உலோகக் கலவையைச் சொல்லாமல் அச்சுகளை மதிப்பிட முடியாது, ஏனெனில் ஒரே அச்சு கலவைக்கேற்ப வெவ்வேறு அளவில் வார்க்கும். நம் வீடுகளில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைச் சுமக்கிறது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். நச்சுத்தன்மை உள்ளது காரீயம். குண்டு வார்ப்பவனுக்கு இரண்டும் வேண்டும். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், வெள்ளீயம் 232லேயே உருகிவிடும். காரீயத்தை மட்டும் ஊற்றினால் குழியின் கூர்மையான மூலைகளில் அது தயங்கி நின்றுவிடும். நூற்றுக்கு இரண்டு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் அதன் பரப்பு இழுவிசை குறைந்து மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்புகிறது. வாட்கட்டருக்கு விளிம்பின் கூர்மைதான் உயிர் என்பதால், இந்த இரண்டு பங்கில் நான் சிக்கனம் பார்ப்பதில்லை. கடினத்தன்மை தருவது ஆன்டிமனி. கார்ச் சக்கரங்களில் மாட்டும் பழைய சமன்செய் எடைகளில் அது மூன்று நான்கு விழுக்காடு இருக்கும். ஆன்டிமனி உள்ள கலவை இறுகும்போது குறைவாகச் சுருங்குவதால் குண்டு சற்றுப் பெரிதாகவும் விழும். ஆனால் இப்போது அந்த எடைகளில் இரும்பும் துத்தநாகமும் கலந்து வருகின்றன. துத்தநாகம் 420 டிகிரி அளவில் உருகுவதால், பானையின் சூட்டை அதற்குக் கீழேயே வைத்திருந்து மேலே மிதப்பவற்றைக் கரண்டியால் அள்ளி எறிந்துவிட வேண்டும். ஒன்றிரண்டு கலந்துவிட்டாலே முழுப் பானையும் கூழ்போலாகிக் குழிகளை நிரப்ப மறுக்கும்.

ஹென்ஸ்லி அண்ட் கிப்ஸ் அச்சிலும் 358311இலும் நான் வார்ப்பது உலோகத்தின் கடினத்தன்மையைக் குறிக்கும் பிரினெல் அளவில் 11க்கு அருகிலான கலவை. குழிவுள்ள குண்டுக்கு அது ஆகாது. சுவர் விரிய வேண்டுமானால் மென்மை வேண்டும், ஆகவே முப்பது பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம். மென்மையான அந்தச் சுவருக்கு ஓர் ஆபத்தும் உண்டு: வெடிமருந்தைக் கூட்டிவிட்டால் சுவர் மட்டும் பிய்ந்து குழலுக்குள்ளேயே தங்கிவிடலாம், அடுத்த குண்டு அதன்மேல் மோதும். போட்டிக்குரிய இலேசான தோட்டாவுக்கு மட்டுமே அது ஏற்றது. மருந்தின் அளவுகளை இங்கே எழுதவில்லை; அவற்றை வெடிமருந்து தயாரிப்பாளர்களின் கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும்.

குண்டின் காடியில் நிரப்பும் மெழுகுக்கு, தேன்மெழுகும் ஆலாக்ஸ் என்ற மசகுப் பொருளும் சரிபாதி கலந்த பழைய வாய்பாடே போதுமானது. புதியவற்றை முயன்று பார்த்தேன், வேறுபாடு தெரியவில்லை.

சுட்டுப் பார்த்த முடிவுகள் இவை. கே-38இல், மணல்மூட்டை மீது, ஆறு குண்டுகள் கொண்ட ஐந்து தொகுதிகளின் சராசரி விரிவு 25 கஜத்தில் 50ஆம் எண் வாட்கட்டருக்கு 1.6 அங்குலம், குழிவுள்ள 358395க்கு 1.5 அங்குலம், உருண்டை முனை 358311க்கு 2.1 அங்குலம். 50 கஜத்தில் முதலிரண்டும் பிரிந்துவிட்டன: 50ஆம் எண் 3.3, குழிவுள்ளது 2.7. பத்தாம் வளையத்தின் விட்டத்தோடு ஒப்பிட்டால் இந்த அரை அங்குலம் பொருட்படுத்த வேண்டியதுதான். ஆனால் நேர்மையாக மற்றோர் எண்ணையும் சொல்லியாக வேண்டும். கடையில் வாங்கிய, எந்திரத்தில் அழுத்திய குழிவுள்ள குண்டுகள் அதே ரிவால்வரில் 50 கஜத்தில் 2.5 அங்குலத்துக்குள் அடங்கின. மணிக்கு எண்பது வீதம் வியர்த்து நான் எட்டியது, பெட்டியில் வாங்கியதைவிட மயிரிழை பின்தங்கியே நின்றது. கோல்ட்டில் மூன்றுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அல்லது அதைக் காணும் அளவுக்கு என் கண்களுக்கு இப்போது கூர்மை இல்லை.

பொறுக்கி எடுப்பதும் இந்த எண்களின் ஒரு பகுதி. குண்டின் அடி குழலை விட்டு வெளியேறும் கடைசி இடம் என்பதால், அங்கே ஒரு பிசிறோ பள்ளமோ இருந்தால் வாயு ஒருபக்கமாக முந்திக்கொண்டு குண்டைச் சாய்த்துவிடும். வெட்டுத் தகட்டை ஈயம் முழுதாக இறுகுமுன் திருப்பினால் அடியில் ஈயம் பிய்ந்து வரும். அதிகம் காத்திருந்தால் தகட்டைத் திருப்பச் சுத்தியல் தேவைப்படும். 50ஆம் எண் அச்சில் அந்தச் சரியான நொடியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் ஆயிற்று: மேலே நிற்கும் மிச்ச ஈயத்தின் பளபளப்பு திடீரென மங்கும், அதன்பின் மூன்று எண்ணினால் போதும். இப்போது நூற்றுக்கு ஏழெட்டுக் குண்டுகளே பானைக்குத் திரும்புகின்றன.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பாளங்களின் உட்பக்க மூலைகளைப் பாருங்கள். குண்டு விழவில்லையென்று பாளத்தையே தட்டிய முந்தைய உரிமையாளர்கள் ஏராளம். தட்ட வேண்டியது கைப்பிடியின் திருகாணிப் பக்கத்தை, அதுவும் மரக்கட்டையால். மூலை அடிபட்டால் பாளங்கள் முழுதாக மூடாது, குண்டின் இருபுறமும் மீன் செதில்போல் ஈயம் நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே துரு இருப்பது பெரிய குற்றமன்று. எண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தால் போகும். குழிக்குள் துரு தின்ற புள்ளிகள் இருந்தால் ஒவ்வொரு குண்டும் அந்தப் புள்ளியில் தொங்கிக்கொண்டு வெளிவர மறுக்கும். அத்தகைய அச்சு எந்தப் பெயரைத் தாங்கியிருந்தாலும் விட்டுவிடுங்கள். கம்பித் தூரிகையைக் குழிக்குள் விடுபவரிடமிருந்து எதையும் வாங்காதீர்கள். முடிந்தால், அந்த அச்சிலேயே வார்த்த ஒரு குண்டைக் கேட்டு வாங்கி நுண்ணளவி வைத்து அளந்து, உங்கள் ரிவால்வரின் அறைவாயில் நுழைத்துப் பாருங்கள். விரலால் இலேசாகத் தள்ளினால் நகர வேண்டும், தானாக வழுக்கி விழக் கூடாது. அவ்வளவு பெரிய குண்டை வார்க்காத அச்சு அலங்காரப் பொருள்தான்.

வேலை நடக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பானைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அது கண நேரத்தில் ஆயிரம் மடங்குக்கும் மேல் விரிந்து நீராவியாகி, உருகிய ஈயத்தைக் கூரைவரை வீசியெறியக்கூடும்; ஈரமான ஈயக்கட்டியும் நெற்றி வியர்வையும் இதில் ஒன்றே. முகக் கண்ணாடி, தோல் கையுறை, நீண்ட கைச்சட்டை, மூடிய காலணி இல்லாமல் நான் பானையின் அருகே போவதில்லை. ஈயத்தின் நஞ்சைப் பொறுத்தவரை, 370 முதல் 400 டிகிரிவரை உள்ள சூட்டில் ஆவியைவிட அஞ்ச வேண்டியது மேலே அள்ளிப் போடும் சாம்பல்நிறக் கசடும் கைவிரலில் ஒட்டும் தூசியும். கொட்டகையின் கதவைத் திறந்துவைத்து, கசடை மூடியுள்ள தகர டப்பாவில் கொட்டி, வேலை முடிந்ததும் கையை முழங்கைவரை கழுவி, உடையைத் தனியே துவைக்கப் போடுவது என் வழக்கம். காபி சமையலறையில்தான். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த ஒழுங்கைக் காக்க முடியாதவர்கள் பெட்டியில் வரும் குண்டுகளையே வாங்கட்டும்.

விலையைப் பொறுத்தவரை, 50ஆம் எண் அச்சுக்கு நான் கொடுத்தது 240 டாலர், 358311க்கு 60. முதலாவது அதிகம் என்று என் மனைவி சொன்னார்; அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று குளிர்காலங்களில் அதில் ஏறக்குறைய ஒன்பதாயிரம் குண்டுகள் வார்த்தபின் அந்த எண்ணம் போய்விட்டது. நாள் முடிவில் கடைசியாக வார்த்த நான்கு குண்டுகளையும் குழிகளிலேயே விட்டு மூடிவைக்கிறேன். ஈரக்காற்று உள்ளே புகாமலிருக்கப் பழையவர்கள் செய்துவந்த முறை இது, ஒகையோவின் கோடை ஈரத்திலும் குழிகள் இதுவரை கறுக்கவில்லை.

358395ஐச் சென்ற வசந்தத்தில் விற்றுவிட்டேன். 50 கஜத்தில் அது தந்த அரை அங்குலத்துக்காகக் குளிர்காலத்தின் பாதியைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. நேரம் நிறைய உள்ள, ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வாங்கிக்கொண்டார். பழைய ஊசி, புதிய ஊசி இரண்டையும் மேஜைமேல் வைத்து, எது ஆடும், எது ஆடாது என்பதை அவர் கையாலேயே ஆட்டிப் பார்க்கச் சொன்ன பிறகுதான் பணத்தை வாங்கினேன்.